ஓடும் வளர்ச்சியும்

பாதுகாப்பு நன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், நம்மைக் காப்பதே நமது வளர்ச்சியைத் தடுக்குமாயின் அதனை யாது செய்வது? அறவியல் சார்ந்த இவ்வினாவை ஆராய்வதற்கு விலங்குகளின் வன்மையான ஓடுகள் துணைபுரிகின்றன.

ஓடுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஆமையின் ஓடு அதன் முள்ளந்தண்டோடும் விலா என்புகளோடும் இணைந்தது, உடலோடு வளர்வது. அதனைக் களைந்து ஆமை வாழ இயலாது. நண்டின் நிலை வேறு. கைற்றினும் கல்சிய உப்புக்களும் சேர்ந்தமைந்த அதன் புறவன்கூடு இறுகியபின் வளர்வதில்லை. ஆகவே, பழைய ஓட்டின் கீழே மென்மையான புதிய ஓட்டை உருவாக்கி, பழையதைப் பிளந்து வெளியேறி, நீரை உறிஞ்சிப் பருத்த பின்னரே அது மீண்டும் கவசம் பெறுகிறது. இடைப்பட்ட வேளையில் அதற்குக் காவலில்லை.

மனிதனைச் சூழ்ந்துள்ளவற்றுள்ளும் இவ்விருவகை உண்டு. மொழி ஆமையின் ஓட்டை ஒத்தது, நம்முடனேயே வளர்வது. சாதியோ நண்டின் ஓடு. அது பிறரை ஒடுக்குவது என்பது வெளிப்படை. உள்ளிருப்பவனுக்கோ திருமணத்திலும் மரணவீட்டிலும் துணைநிற்பதாற் காவலாகத் தோன்றும். அவன் மனிதனாக வளர முற்படும்போது இறுக்கும்.

அவ்வாறாயின் அதனைச் சட்டத்தால் உடைத்தெறியலாமே எனச் சிலர் வினவலாம். சாதி காரணமாகப் பொது இடங்களில் அனுமதி மறுப்பதை இலங்கையில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. அஃது இன்றியமையாததே. எனினும், சாதி கடந்து மணந்தோரின் வீட்டுக்கு எச்சட்டமும் உறவினரை அழைத்து வராது.

ஓடு கழற்றிய நண்டை எதிர்கொள்ளும் முறைகள் இரண்டு. நீலக்கால் நண்டுகளில், இணைசேரவிருக்கும் பெண் ஓடு கழற்றும்போது ஆண் அதனைத் தன் கீழே பற்றிச் சுமந்து காக்கும். மனிதனோ அம்மென்மையான வேளையையே எதிர்பார்த்திருந்து, ஓட்டோடு உண்பதற்காக நண்டை எடுக்கிறான். ஆண் நண்டின் செயல் இனப்பெருக்க நோக்குடையதேயன்றி அறமன்று. இயற்கையிலிருந்து அறத்தை நேரே பெறுதலும் இயலாது. ஆனால், தெரிவுசெய்யும் ஆற்றலுடைய மனிதனுக்கு, காப்பதா விழுங்குவதா என்பது அறப்பிரச்சினையே.

ஓட்டைக் கழற்றுக என்று அறிவுறுத்துதல் எளிது. மேடைதோறும் அதனைச் செய்கின்றோம். கழற்றியோர் காவலின்றி நிற்கும் நாட்களில் அவர்தம் வீட்டுப் படியேறி, அங்கு உணவருந்தி, நல்லது கெட்டதில் உடனிருப்பதே கடினமானது. அதனைச் செய்ய ஒருப்படாதார்க்கு மாற்றத்தைக் கோரும் உரிமை இல்லை என்பதே எமது துணிபு.