டாம்பரும் குழம்புப் பொடியும்

என் மகள் படிக்கும் பள்ளியில் சென்ற ஆண்டு குடும்பச் சமையல் குறிப்புகளைத் திரட்டி ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். உணவின் பெயர், தேவையான பொருள்கள், செய்முறை. கடைசியில், ‘இது யாருடைய செய்முறை?’ என்று ஒரு சிறு கட்டம். நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் பகுதியில், வென்ட்வர்த்வில்லில். இங்கே இட்லிக்கும் புட்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் பத்து வயது மகள், “நான் இங்கதானேம்மா பொறந்தேன், டாம்பர்தான் எழுதுவேன்” என்று பிடிவாதமாக நின்றாள்.

டாம்பர் ஆஸ்திரேலியாவின் எளிய ரொட்டி. ஆடுமாடு ஓட்டிச் சென்றவர்களும், வேலை தேடி ஊர் ஊராக நடந்தவர்களும் மாவில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து நெருப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டது. வீட்டில் செய்வதென்றால் மூன்று கப் செல்ஃப் ரெய்சிங் மாவு, ஒரு சிட்டிகை உப்பு, 80 கிராம் வெண்ணெய். வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்துவிட்டு, முக்கால் கப் பால் ஊற்றி, அதிகம் பிசையாமல் உருட்ட வேண்டும். மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, 200 டிகிரி சூட்டில் அவனில் அரை மணி நேரம். அடிப்பக்கத்தைத் தட்டினால் வெற்றுப் பானைபோல் ஓசை வரும். சூட்டோடு பிட்டு, வெண்ணெயும் கோல்டன் சிரப்பும் தடவிச் சாப்பிடுவார்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டம்மா. எண்பது வயதைத் தொடும் வெள்ளைக்காரப் பெண்மணி. “இது எங்கள் பாட்டியின் டாம்பர்” என்றுதான் எப்போதும் சொல்வார். தாளை நிரப்ப மகளை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். பாட்டியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவர் சற்று நிறுத்தினார். பிறகு, “உண்மையில் பாட்டி மாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பண்ணை வீட்டுச் சமையலறையில் ஒரு பெண் இருந்தாள். ‘ஹோமி’லிருந்து வந்தவள். அவள்தான் பிசைவாள்” என்றார். அவள் பெயர் அவருக்கு நினைவில்லை.

‘ஹோம்’ என்று அவர் சொன்னது நியூ சௌத் வேல்ஸின் கூட்டமுண்ட்ரா நகரில் இருந்த பூர்வகுடிச் சிறுமியர் வீட்டுவேலைப் பயிற்சி இல்லத்தை. 1910களின் தொடக்கத்திலிருந்து 1960களின் இறுதிவரை அது இயங்கியது. தாய் தகப்பனிடமிருந்து அரசு பிரித்தெடுத்த சிறுமிகளுக்கு அங்கே சமைக்கவும் துவைக்கவும் துடைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதானதும் வெள்ளையர் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். கூலியில் பெரும்பகுதியை அரசு வாரியம் ‘பாதுகாப்பாக’ வைத்துக்கொண்டது. பலருக்கு அது கைக்கு வரவே இல்லை. இந்தப் பிரிப்பின் கதைகளை 1997இல் வெளியான ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ அறிக்கை நாடறியச் செய்தது. நிறுத்திவைத்த கூலியைத் திருப்பித் தர நியூ சௌத் வேல்ஸ் அரசு 2004இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்குள் கூலிக்கு உரியவர்களில் பலர் இறந்துபோயிருந்தார்கள்.

இந்த நாட்டு உணவுகளின் பெயர்களை யோசித்துப் பாருங்கள். பவ்லோவாவின் பெயரில் ஒரு ரஷ்ய நடனக் கலைஞர் இருக்கிறார். லாமிங்டன் கேக்கின் பெயரில் குயின்ஸ்லாந்தின் ஆளுநராக இருந்த ஒரு பிரபு இருக்கிறார். ஆன்சாக் பிஸ்கட்டின் பெயரில் ஒரு ராணுவம் இருக்கிறது. முட்டை அடித்தவர்களும், தேங்காய்த்தூளில் புரட்டியவர்களும், ஓட்ஸ் கிளறியவர்களும் பெயரில் இல்லை. இதைப் பெண்ணியம் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது: பெயர் ஆணுக்கு, அடுப்பு பெண்ணுக்கு. நானும் இதைப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டம்மாவின் சமையலறையில் அந்த வாக்கியம் எனக்குப் போதவில்லை. ‘பெண்ணுக்கு’ என்றால் எந்தப் பெண்ணுக்கு?

அந்தப் பாட்டியையும் நான் வில்லியாக்க விரும்பவில்லை. பக்கத்தில் மருத்துவர் கிடையாது, பேச ஆள் கிடையாது, பிள்ளைப்பேறு ஓயாது. அப்படிப்பட்ட கிராமப்புறத் தனிமையை எதிர்கொள்ளத்தான் 1922இல் நியூ சௌத் வேல்ஸில் நாட்டுப்புறப் பெண்கள் சங்கம் தொடங்கப்பட்டது. அவள் களைத்திருந்தாள் என்பது உண்மை. அவள் களைப்பை இறக்கிவைக்க இன்னொருத்தியின் மகள் கொண்டுவரப்பட்டாள் என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை அழிக்க முடியாது.

அநியாயம் அத்தோடு முடியவில்லை. இந்த மண்ணில் ரொட்டி வெள்ளையரோடு வந்ததல்ல. நியூ சௌத் வேல்ஸின் கடி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் சுமார் 30,000 ஆண்டுகள் பழமையான அரைகற்கள் கிடைத்திருக்கின்றன, விதைகளை அரைத்த தடயங்களோடு. புல்விதைகளைத் திரட்டி, புடைத்து, கல்லில் அரைத்து, சாம்பலில் சுட்டவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்கள். ஆடுகளும் மாடுகளும் வந்து அந்தப் புல்வெளிகளை மேய்ந்து மிதித்தழித்தன. நிலத்தை இழந்தவர்களுக்கு வெள்ளை மாவும் சர்க்கரையும் தேயிலையும் ரேஷனாக அளக்கப்பட்டன. அந்தப் பெண்களின் பேத்திகளைத்தான் ‘இல்ல’த்தில் வைத்து மாவு பிசையக் ‘கற்றுக்கொடுத்தார்கள்’.

அன்று வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டம்மாமீது எனக்குக் கோபம் இருந்தது. ஒரு பெயரைக்கூடவா நினைவில் வைத்திருக்க முடியாது? அந்தக் கோபத்தோடுதான் இரவுக் குழம்புக்குப் பொடி டப்பாவைத் திறந்தேன்.

மதுரையிலிருந்து ஒவ்வொரு முறையும் பெட்டியில் கொண்டுவரும் பொடி. இன்று மில்லில் அரைக்கிறார்கள். என் சிறுவயதில் கொல்லைப்புற வேப்பமரத்தடி உரலில் இடித்தது. மல்லியையும் மிளகாயையும் இடித்துச் சலித்துக் கொடுக்க ஒரு பெண் வருவார். பின்வாசல் வழியாக வருவார், பின்வாசல் வழியாகவே போவார். அவருக்கென்று ஒரு தம்ளர் கொல்லைச் சுவர்மேல் கவிழ்ந்திருக்கும். அவர் இடித்த பொடி சமையலறைக்குள் வரும். அவர் வரமாட்டார். மிளகாய் எரிச்சலில் அவர் கைகளைச் சாணித் தண்ணீரில் முக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாக அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்களிடமெல்லாம் நான் சொல்லிவந்தது, “எங்க அம்மா கைப்பக்குவம்.”

அம்மாவுக்குப் போன் செய்து அவர் பெயர் என்ன, எவ்வளவு கூலி கொடுத்தோம் என்று கேட்டேன். “ஏன்டி இப்ப அதெல்லாம்? சோறு போட்டோம், தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தோம்” என்றார். ஊரே அப்படித்தானே இருந்தது என்றார். பிறகு குரல் உடைந்து, “நான் மட்டும் என்ன சொகுசா உக்காந்திருந்தேனா?” என்றார். இல்லை, உட்காரவில்லை. விடியலிலிருந்து இரவு பாத்திரம் கவிழ்க்கும்வரை அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். பக்கத்து வீட்டம்மாவின் பாட்டிக்கு நான் சொன்ன இரண்டு உண்மைகளையும் என் அம்மாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இரண்டு அநியாயங்களும் ஒன்றல்ல. குழந்தைகளைப் பிடுங்கிய அரசும், தம்ளரைப் பிரித்த சாதியும் வேறு வேறு வரலாறுகள். ஆனால் இரண்டிலும் ‘வீட்டுச் சமையல்’ என்ற சொல் ஒரே வேலையைச் செய்கிறது. வீட்டுப் பெண்ணின் உழைப்பை அது அன்பு என்று சொல்லிக் கூலியில்லாமல் ஆக்குகிறது. அவளுக்குப் பின்னால் நின்றவளை வீட்டுக்கே உரியவள் அல்ல என்று சொல்லிக் கதையிலிருந்தே எடுத்துவிடுகிறது.

அப்படியானால் டாம்பர் சுடுவதையும் குழம்பு வைப்பதையும் விட்டுவிட வேண்டுமா? விட்டால் நடப்பது மறதி மட்டும்தான். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டால் போதுமா? இந்த நாட்டில் கூட்டம் தொடங்கும்போது, நிலத்தின் உரிமையாளர்களுக்கு மரியாதை தெரிவித்து ஒரு வாசகம் சொல்கிறோம். சொல்லிவிட்டு அதே நிலத்தில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு வாழ்கிறோம். சொல்வது அவசியம், ஆனால் அது தொடக்கம்தான். பாரம்பரியம் என்பது பரம்பரைச் சொத்து. வீட்டை வாங்கிக்கொண்டு அதன்மேல் உள்ள கடனைத் தெரியாது என்று எந்த வாரிசும் சொல்ல முடியாது. ஓர் அரசே நிறுத்திவைத்த கூலியைக் கடன் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஒரு குடும்பம் ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவராகவே அழைத்து ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெண் இறந்துவிட்டார், மகள் அதே ஊரில் கட்டட வேலைக்குப் போகிறார் என்றார். அந்த மகளிடம் என்ன சொல்வது, எதைக் கொடுப்பது, கொடுத்தால் அது இன்னொரு தீபாவளிச் சேலையாகிவிடாதா என்று நானும் அம்மாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். அவர் வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போய், முதலில் அவர் சொல்வதைக் கேட்கப்போகிறேன்.

மகளின் தாளில் அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்தான். பக்கத்து வீட்டம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: ‘பாட்டியின் பண்ணையில் வேலை செய்த ஒரு பூர்வகுடிப் பெண்ணுடையது. அவரை அவர் அம்மாவிடமிருந்து பிரித்து அங்கே அனுப்பினார்கள். அவர் பெயரைக் கேட்டுவைக்கவில்லை.’ இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினாள்.