வயிறு நிறைந்தால் அன்னதானம் முடிந்துவிடுமா?

திருப்பூரில் மதியச் சங்கு ஊதியதும் பனியன் கம்பெனிகளில் தூக்குப்போசிகள் திறக்கின்றன. பெரும்பாலும் வெள்ளைச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். வயிறு நிறைகிறது. ஆனாலும் தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலம் இது. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. தட்டில் விழும் உணவும் அவற்றில் ஒன்று.

சோறிடுவதைத் தலையாய அறமாக வைத்தது தமிழ் மரபு. பௌத்தக் காப்பியம் மணிமேகலையின் கையில் அமுதசுரபியைத் தந்தது. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை அமைத்து மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 2002 முதல் அறநிலையத்துறைக் கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் நடக்கிறது. பசித்தவருக்குச் சோறு போய்ச் சேர்ந்தால் உயிர் தழைக்கும் என்ற நம்பிக்கையே இத்தனைக்கும் அடித்தளம். அந்தச் சோற்றிலேயே சத்து குறைந்துபோனால்?

குறைந்துதான் போயிருக்கிறது. அமெரிக்காவில் டொனால்ட் டேவிஸ் குழுவினர் 2004இல் 43 காய்கனிப் பயிர்களின் 1950, 1999 ஆண்டு அளவுகளை ஒப்பிட்டார்கள். புரதம், கால்சியம், இரும்பு, வைட்டமின் சி உட்பட ஆறு சத்துகள் சரிந்திருந்தன. நம் தட்டுக்கு இன்னும் நெருக்கமான சான்று மேற்கு வங்கத்தின் பிதான் சந்திர வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து 2021இல் வந்தது. வெவ்வேறு பத்தாண்டுகளில் வெளியான நெல் ரகங்களை அங்கே ஒன்றாக வளர்த்துச் சோதித்தார்கள். 1960களின் அரிசியில் கிலோவுக்கு 27.1 மில்லிகிராம் இருந்த துத்தநாகம், 2000களின் ரகங்களில் 20.6 ஆக இறங்கியிருந்தது. இரும்பு 59.8லிருந்து 43.1.

மண்ணை மட்டும் குறை சொல்லிவிட முடியாது என்பதை இந்தச் சோதனை காட்டுகிறது. ரகத்தைத் தேர்ந்தபோது எடை பார்த்தோம், விளைச்சல் பார்த்தோம். மணிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அன்று அது பாவமில்லை. 1960களின் பஞ்ச காலத்தில் மூட்டைக் கணக்கு கோடிக்கணக்கான உயிர்களின் கணக்கு. அந்த ரகங்களை உருவாக்கிய விஞ்ஞானிகளுக்கு நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

எருவும் முக்கியம் என்பதற்கான பழைய சான்று திருப்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை வேளாண் கல்லூரியில் 1909 முதல் நிரந்தர எருச் சோதனைப் பாத்திகள் உண்டு. அங்கே விளைந்த தானியத்தைக் குன்னூரில் பணியாற்றிய ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன், வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்துடன் சேர்ந்து ஆராய்ந்தார். மாட்டு எருவில் விளைந்த சிறுதானியம், ரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்து மிகுந்தது என்று 1926இல் இருவரும் எழுதினார்கள். காங்கேயம் காளையும் ஆட்டுப்பட்டியும் சூழ்ந்த வட்டாரத்துக்கு இது அந்நியச் செய்தி அல்ல.

தானத்துக்குத் திரும்புவோம். கொங்குநாட்டில் ஒரு காலத்தில் தழைத்த சமணம், உணவையும் மருந்தையும் இரு தனித் தானங்களாக எண்ணியது. விஜயமங்கலத்துச் சமணக் கோயில் அந்தக் காலத்தின் மிச்சம். அண்மை ஆண்டுகளில் ரேஷன் அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் கலந்த மணிகளைச் சேர்த்து, இரண்டு தானத்தையும் ஒரே பையில் போட்டது அரசு. அவசரத்துக்கு அது சரி. ஆனால் சோறு தானே தரவேண்டியதை ஆலையில் சேர்த்து ஈடுகட்டிவிட்டு, கடமை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. வசதி உள்ளவர் கீரை, பருப்பு, முட்டை, பழம் என்று தட்டை விரித்துக்கொள்வார். அறை வாடகைபோக மிச்சத்தில் சமைக்கும் டெய்லருக்கும் ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்ப்பருக்கும் அரிசிதான் தட்டின் பெரும்பகுதி. அரிசியில் குறைவது முதலில் அவர்கள் உடம்பில்தான் குறைகிறது.

அறியாமல் கொடுத்தவர்மேல் குற்றமில்லை. அறிந்தபிறகு, கொடுக்கும் பொருளின் தரமும் தானத்தின் பகுதியாகிவிடுகிறது. இலைக்கணக்கு மட்டும் போதாது.

ஆகவே அன்னதானத்துக்குப் பணம் கட்டுவோரும், தொழிலாளருக்கு கேன்டீன் நடத்தும் கம்பெனி உரிமையாளர்களும் ஒன்று செய்யலாம். வாரம் இரண்டு நாளாவது கம்பு, ராகி, முருங்கைக்கீரை, பயறு போடுங்கள். அவற்றை எரு போட்டு விளைவிக்கும் விவசாயியிடம் நியாயமான விலைக்கு வாங்குங்கள். மூலனூர்ப் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமே இல்லை.