ஒப்பீட்டுக் குழு

கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனால் சுவரில் இருக்கும் பெயர்களைக் கொஞ்ச நேரம் வாசிப்பேன். கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். இந்தியப் பெயர்களும் நிறைய. போன முறை அங்கே நின்றபோது ஏனோ திண்டுக்கல் ஞாபகம் வந்தது.

2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செவிலியர்கள் கருப்பை வாயைச் சோதித்தார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். நீர்த்த அசிட்டிக் அமிலம், கிட்டத்தட்ட வினிகர்தான். தடவினால் கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். புற்றாக மாறுமுன் உறையவைத்து அழித்துவிடலாம். மீதி 57 பகுதிகள் ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு 'வழக்கமான கவனிப்பு'. அதாவது, பரிசோதனை கிடையாது.

2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக் குழுவின் 49,311 பெண்களில் 83 பேர் கருப்பை வாய்ப் புற்றால் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 30,958 பேர்தான், ஆனால் இறந்தவர்கள் 92. இறப்பு விகிதம் 35 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள்.

அமெரிக்க நோய்க்கூறியல் மருத்துவர் எரிக் சூபா இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைக் கடுமையாக எதிர்த்தார். நண்பனிடம் சொன்னேன். "ஏற்கெனவே எதுவும் கிடைக்காதவங்கதானே? இவங்க புதுசா என்ன கெடுத்துட்டாங்க?" என்றான். லேசில் தள்ளிவிட முடியாத கேள்வி. ஆதாரம் இல்லாமல் எந்த அரசு பணம் ஒதுக்கும்? இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை. தெரியாமல் கடந்துபோகிறவன் வேறு. பேப் பரிசோதனை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் உலகிலிருந்து வந்து, இறப்பை எண்ணுவதற்குப் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பவன் வேறு. இல்லாமையை அவன் உண்டாக்கவில்லை, சரி. ஆனால் அது அவனுக்குத் தேவைப்பட்டது.

சிங்கப்பூரில் இப்படி ஓர் ஆய்வு நடக்கவே நடக்காது என்று பெருமையாக எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன். இங்கே வீட்டு வேலைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். கர்ப்பமா, தொற்று நோயா என்று பார்ப்பார்கள். அவள் உடம்பில் மற்றவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடியது எதுவோ, அது. கருப்பை வாய் அந்தப் பட்டியலில் இல்லை. குடிமக்களுக்கு மானியம் உண்டு. முப்பதுக்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனை செய்யச் சொல்கிறார்கள்.

எங்கள் புளோக்கில் வேலை செய்யும் தஞ்சாவூர் அக்காவிடம், "என்னென்ன டெஸ்ட் எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா. பாஸுன்னாங்க."

எச்பிவி சோதனையைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். முழுதாகக் கேட்டார்.

"இதுக்கு மேடம் லீவு குடுப்பாங்களா?"