இசைவும் ஊழும்

ஊழ் கூட்டிய உறவுக்கு உள்ளத்தின் இசைவும் வேண்டுமோ? என்னிடம் பயின்று, இன்று ஆசிரியப் பயிற்சி பெற்றுவரும் இளைஞர் ஒருவர் இவ்வினாவை அண்மையில் எழுப்பினார். அவர் கையில் ஓர் ஆங்கிலப் புதினம் இருந்தது. ஓநாயாய் உருமாறும் ஆடவர் இருவரின் காதற்கதை அது. முதற் சந்திப்பிலேயே ஒருவன் மற்றவனைத் தன் 'விதிக்கப்பட்ட துணை' என உணர்கிறான். மற்றவன் மறுக்கிறான், எனினும் வலிந்து கூடுகிறான். முடிவில் இருவரும் இன்புற்று வாழ்கின்றனர். "விதியே இணைத்துவிட்டதே, ஐயா! அதனை வன்முறை எனலாமா?" என்றார்.

காதலர் இருவரும் ஆடவர் என்பது இங்கு வினா அன்று. ஆணும் பெண்ணுமாயினும் நம் விடை மாறாது. ஒருவன் "வேண்டா" என்றபின் நிகழ்வதற்குக் கதை என்ன பெயர் சூட்டுகிறது என்பதே வினா.

ஏறத்தாழ 2010ஆம் ஆண்டில், 'சூப்பர்நேச்சுரல்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் சுவைஞர்கள் எழுதிய கதைகளிலிருந்து 'ஒமேகாவெர்ஸ்' என்னும் வகை கிளைத்தது. அவ்வுலகில் பருவ வேட்கை எழுந்தால் அறிவு அடங்கிவிடும். மறுப்பவனின் உடலே இணங்கிவிடுவதால், உள்ளமும் இணங்கியதாகக் கொள்ளும் கதைகள் அவற்றுட் பல. ஆயின், உடலின் எதிர்வினை வேறு, இசைவு வேறு. அச்சத்தில் உடல் நடுங்குவதை யாரும் உடன்பாடு என்பதில்லை. மேலும், கதையில் ஊழை வகுப்பவர் ஆசிரியரே அன்றோ? தாமே வகுத்த விதியைக் காட்டித் தம் மாந்தரின் குற்றத்தை அவர் கழுவிவிட இயலாது.

இயற்கை இகந்த கதைகள் யாவும் இவ்வாறு மயங்கியவை அல்ல. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா'வில், இல்லத்தார் ஒருவர் அழைத்தாலன்றிக் காட்டேரி முதன்முறை உள்ளே நுழைய இயலாது. ஒருமுறை அழைத்துவிட்டாலோ, பின்னர் விரும்பியபோதெல்லாம் வரலாம். ஒரு நாள் தந்த இசைவை என்றைக்குமான உரிமையாகக் கொள்வதே அங்குக் கொடுமையாகிறது. ஆன் ரைஸ் 1976இல் வெளியிட்ட 'இன்டர்வியூ வித் தி வேம்பயர்' புதினத்தில், குருதி வடிந்து சாகும் நிலையில் கிடக்கும் லூயியிடம் லெஸ்டாட் புதுவாழ்வு தர முன்வருகிறான். லூயி உடன்படுகிறான். ஆயினும், அவனை அந்நிலைக்கு ஆளாக்கியவனே அதனை வழங்க வருகிறான் என்பதைக் கதை மறைக்கவில்லை. வேறு வழியின்றித் தரும் இசைவு முழு இசைவாகுமோ என்று படிப்போர் எண்ணுகின்றனர்.

"இது வெறும் கற்பனை, பிடிக்காதவர் நூலை மூடிவிடலாமே" என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. கொடுமையைச் சித்திரிப்பதே குற்றமெனின், உலகப் பேரிலக்கியங்கள் பலவற்றை நாம் இழக்க நேரும். கொடுமையைக் கொடுமையென்று காட்டும் கதையை நான் பழியேன். அதற்குக் காதல் என்று பெயரிடும் கதையோ, "வேண்டா" என்னும் சொல்லின் பொருளையே இளையோர் உள்ளத்தில் மாற்றிவிடுகிறது.

தமிழாசிரியர்க்கு இதனைத் தெளிவிக்கத் தொல்காப்பியமே துணைநிற்கும். காதலரைக் கூட்டுவது ஊழாகிய பால் என்று அந்நூலும் கூறுகிறது. ஊழை ஏற்ற அதே நூல், காமம் மிகுந்து வலிமையால் கொள்வதை அன்பின் ஐந்திணையில் சேர்க்கவில்லை; பெருந்திணையின்பாற்படுத்தியது. ஒருவர் உள்ளத்தில் மட்டும் எழும் காமத்தையும் கைக்கிளை எனப் பிரித்து வைத்தது. ஊழ் சந்திக்க வைக்கலாம். அன்பு இருவரிடத்தும் எழ வேண்டும் என்பதே இப்பாகுபாடு உணர்த்தும் அறம் என்பேன்.

இவற்றைக் கூறி, அவ்விளைஞரிடம் ஒன்று கேட்டேன்: "மறுத்தவன் கூற்றாகவே இக்கதையை எழுதினால், அந்த இயலுக்கு என்ன தலைப்பிடுவீர்?" நெடுநேரம் எண்ணியிருந்தவர், "காதல் என்று இடமாட்டேன், ஐயா" என்றார். நூலை வாங்கி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அதனைப் படிக்க வேண்டிய முறை அவர்க்குப் புலப்பட்டுவிட்டது.