தட்சணை கேளாத ஆசான்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும் உதைபந்தாட்ட அணிப் பிள்ளைகளுக்கு அவர்களின் பயிற்றுநர் விடைகொடுத்ததைச் சென்ற மாதம் கண்டேன். ஒவ்வொருவரின் கையையும் பற்றினார். தமக்கென எதுவும் கேட்கவில்லை. கணக்காளனான எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஆசான் தந்ததை எந்தப் பக்கத்தில் பதிவது?

துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டார். அதுவும் தாம் நேரே கற்பிக்காத வித்தைக்கு!

மெல்பேர்ணில் நடந்தது வேறு கதை. ஹங்கேரியின் பெருவீரர் பெரென்க் புஷ்காஸ், 1956 கிளர்ச்சியின்போது வெளிநாட்டிலிருந்தவர். நம்மில் பலரைப்போல் நெடுங்காலம் நாடு திரும்பவில்லை. 1989 முதல் 1992 வரை சவுத் மெல்பேர்ண் கழகத்தின் பயிற்றுநராக இருந்தார். ஆங்கிலம் அதிகம் வராது. ஏதென்ஸில் பயிற்றுவித்தபோது பழகிய கிரேக்க மொழியில் பேசுவார். அணித்தலைவர் ஏஞ்ச் பொஸ்தகொக்லு மொழிபெயர்ப்பார், தமது காரிலும் ஏற்றிச் செல்வார். 1991இல் தேசிய லீக் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு புஷ்காஸ் விடைபெற்றார்.

அந்தச் 'சாரதி' பின்னர் தாமே பயிற்றுநராகி 1998இலும் 1999இலும் அதே கழகத்துக்குப் பட்டமும், 2015இல் அவுஸ்திரேலியாவுக்கு ஆசியக் கிண்ணமும் பெற்றுத் தந்தார். புஷ்காஸ் 2006இலேயே காலமாகிவிட்டார். கடன் தீர்ந்தது, பெற்றுக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். இப்படியொரு பதிவை என் தொழிலில் ஒப்பமாட்டார்கள்.

கணிதம் கெடுகிறதென்று சனிக்கிழமை ஆட்டங்களுக்கு என் மகனை எத்தனையோ தடவை மறித்தவன் நான். அன்று பயிற்றுநர் என் கையையும் பற்றினார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

அடுத்த பருவத்தில் சிறுவர் அணியொன்றைப் பழக்கப் போகிறேன் என்கிறான் மகன். பல்கலைக்கழகத்தின் முதல் வருடம். இம்முறை நான் மறிக்கவில்லை.