வரம்பின்மை யாண்டு உளது?

வரம்பில்லாதது என்னுஞ் சொல்லை நாம் நாடோறும் வழங்குகின்றோம். கடலையும் வானையும் வரம்பில வென்கின்றோம். இறைவன் திருவருளையும் அச்சொல்லானே குறிக்கின்றோம். ஒரு சொல் இவ்வாறு வேறுபட்ட பொருள்களின்மேல் எளிதில் ஓடுமாயின், அதன் பொருள் யாதென்று நின்று வினவுதல் அறிவுடையார்க்குக் கடனாம். எண்ணில் வரம்பின்மை உளதோ? காலத்தில் உளதோ? நாம் காணும் உலகத்தில் உளதோ? இவை வெறுஞ் சொல்லாராய்ச்சி யல்ல. அநாதியே கட்டுண்ட உயிர்கள் வீடுபெறும் என்னும் நம் துணிபு நிலைபெறுமோ பெறாதோ என்பது இவ்வினாக்களின் விடையைப் பற்றியே நிற்கின்றது.

கொங்குநாட்டில் நொய்யலாற்றை யடுத்து விளங்குவது சாமளாபுரம் என்னும் ஊர். வெள்ளியங்கிரி மலைப்பக்கத்தே தோன்றிப் பேரூர்ப் பதியைச் சார்ந்து வரும் அவ்வாற்றின் நீரை ஏற்கும் பெருங்குளமும், இராப்பகலாய் ஒலிக்கும் விசைத்தறிகளும் அவ்வூர்க்கு அடையாளமாவன. அத்தறிகளுள் ஒன்றை நோக்குக. பாவு விரிந்து வர, நாடா ஊடைநூலைக் கொண்டு இடமும் வலமும் ஓட, துணி வளர்ந்துகொண்டே யிருக்கின்றது. பாவு தீர்ந்தால் மறு பாவு பிணைக்கப்படுகின்றது. இத்தறி இனி ஒருகாலத்தும் நில்லாது ஓடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுது முடிவில்லாத துணியொன்று நெய்யப்பட்டதாகுமோ எனின், ஆகாது. எந்நாளில் அளப்பினும் அத்துணி இத்துணை மீட்டர் என்று ஓர் எண்ணுக்குள் அடங்கியே தீரும். நெய்தல் முடியாமை வேறு. முடிவில்லாத நீளமுடைய துணி உளதாதல் வேறு. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் வரம்பின்மையை இவ்வாறு இரண்டாகப் பகுத்து, முன்னையதை உடன்பட்டுப் பின்னையதை மறுத்தார். மேல்நாட்டறிஞர் பலர் ஈராயிரம் ஆண்டளவும் அவர் வழியே நின்றனர். இப்பகுப்பை மறந்து வாதிடுவோர் இருதிறத்தும் வழுக்குவர்.

எண்ணின் பக்கத்தை முதற்கண் ஆராய்வாம். நம் பழைய எண்சுவடியைக் கற்றோர் காணியாவது எண்பதில் ஒன்று, முந்திரியாவது முந்நூற்றிருபதில் ஒன்று, கீழ்முந்திரியாவது 1,02,400-இல் ஒன்று என்று அறிவர். அதனினுஞ் சிறிய அளவைகளுக்கும் நம்முன்னோர் பெயரிட்டனர். பெயர்கள் ஓரிடத்தே நின்றுவிடுகின்றன; ஆயினும் பகுத்தல் நிற்கின்றதில்லை. அரை, அதிற்பாதி கால், அதிற்பாதி அரைக்கால் என்று கூட்டிக்கொண்டே செல்லின் உறுப்புக்கள் எண்ணிறந்தனவாகும். அவற்றின் தொகையோ ஒன்றைத் தாண்டாது. 14-ஆம் நூற்றாண்டிலே சேரநாட்டில் வாழ்ந்த மாதவர் என்னும் கணித வல்லுநர், வட்டத்தின் சுற்றளவை இத்தகைய முடிவிலாத் தொடர்களால் அளந்தார். அவர் வழிவந்த சேட்டதேவர் 16-ஆம் நூற்றாண்டில் இயற்றிய யுக்திபாஷை அதன் காரணங்களை விளக்கிற்று. நமக்கு அணித்தாகிய ஈரோட்டில் 1887-இல் பிறந்த சீனிவாச ராமானுஜரும் இத்தொடர்களிலேயே தம் அறிவின் பெரும்பகுதியைச் செலுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவின்றிக் கூட்டினால் பன்னிரண்டில் ஒரு பங்கு குறையெண்ணாக வரும் என்று அவர் 1913-இல் ஹார்டிக்கு எழுதியதை இக்காலத்துச் சிலர் மாயவித்தை போலப் பேசுகின்றனர். அது கடையில் கூட்டும் கூட்டலன்று. விரிந்தோடுந் தொடர்க்கு மதிப்பிடும் வேறொரு முறை. முறையறியாது வியப்பது வியப்புக்கும் இழுக்கு.

இனி, முடிந்து நிற்கும் வரம்பின்மையைப் பற்றிய பூசல். மலையையும் கடுகையும் முடிவின்றிப் பகுக்கலாமாயின், இரண்டும் எண்ணிறந்த உறுப்புடையனவாய் மேருவுங் கடுகும் ஒக்கும், அஃது அடாது, ஆதலின் பகுத்தல் அணுவில் நிற்கும் என்று நியாய வைசேடிகர் வாதித்தனர். 1638-இல் வெளிவந்த நூலொன்றில் கலிலியோ வேறொரு வகையால் இவ்விடர்ப்பாட்டையே கண்டார். 1, 4, 9, 16 என வரும் வர்க்க எண்கள் எல்லா எண்களினும் குறைந்தன போலத் தோன்றுகின்றன. ஆயினும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வர்க்கம் உண்டாதலின் இரண்டும் ஒத்த தொகையின. இதனால் மிகுதி, குறைவு, ஒப்பு என்பன வரம்பிலாதவற்றில் செல்லா என்று அவர் அமைந்தார். செருமனி நாட்டு ஜார்ஜ் காண்டர் அமைந்திலர். தன் பகுதியோடு தான் ஒத்திருத்தலே வரம்பிலாத் தொகையின் இலக்கணம், அது முரணன்று எனக் கொண்டு, அதன்மேல் ஒரு கணிதத்தை எழுப்பினார். குறுங்கோட்டிலும் நெடுங்கோட்டிலும் உள்ள புள்ளிகள் ஒத்த தொகையின என்று அவர் நிறுவியபொழுது, வைசேடிகர் அடாது என்று தள்ளியதே தேற்றமாயிற்று. 1874-இல் அவர் மற்றொன்றுங் காட்டினார்: எண்ணு முறையில் வரும் எண்களும் எண்ணிறந்தன, கோட்டின்மேல் உள்ள புள்ளிகளும் எண்ணிறந்தன, எனினும் பின்னையவை முன்னையவற்றின் மிக்கன. ஆகவே வரம்பின்மையிலும் படிகள் உள.

இவ்விடத்தே நம்மவருள் ஒருசாரார் எழுந்து, பதி வியாபகம், பசு வியாத்தி, பாசம் வியாப்பியம் என்று நம் நூல்கள் முன்னமே படி கூறிவிட்டன. காண்டர் புதிதாய்க் கண்டது யாது என்பர். அது நன்றன்று. நம்மாசிரியர் கூறியது பொருள்களின் நிறைவைப் பற்றியது. காண்டர் கூறியது தொகைகளின் எண்ணிக்கையைப் பற்றியது. இரண்டும் வேறு. பிறர் உழைத்துக் கண்டதை நம் பெட்டியிலிருந்ததென்று சொல்லுதல் நம் நூல்களுக்குப் பெருமை தருவதன்று.

ஆயினும் ஓரிடத்தில் நம் நூலும் அக்கணிதமும் மெய்யாகவே ஒரே வினாவைத் தொடுகின்றன. காலம் முதலற்றது, உயிர்கள் ஒவ்வொன்றாய் வீடுபெற்று வருகின்றன, அங்ஙனமாயின் இதற்குள் எல்லா உயிரும் வீடுபெற்றுச் சகம் வெறிதாயிருத்தல் வேண்டுமே, அவ்வாறின்மையின் வீடு என்பதே பொய் என்று மறுப்போர் கூறுவர். உயிர்கள் ஓர் எண்ணுள் அடங்குவனவாயின் இவ்வாதத்துக்கு மறுமொழி அரிது. 14-ஆம் நூற்றாண்டினராகிய உமாபதிசிவனார் திருவருட்பயனில் உயிரவை நிலையின் முதற் குறளிலேயே இதனை எதிர்கொள்கின்றார். இதுவரை கழிந்த நாட்களும் இனி வரும் நாட்களும் எத்துணையோ, வீடுபெற்றாரும் இனிப் பெறுவாரும் அத்துணையர் என்பது அக்குறளின் கருத்து.

இவ்வுவமையின் நுட்பம் கடந்து செல்லற்பாலதன்று. உயிர்கள் எண்ணிறந்தன என்று வாளா கூறியிருப்பின், எண்ணிறந்த காலத்தில் எண்ணிறந்தன தீர்ந்துவிடலாமே என்று மறுப்போன் மீளவும் வினவுவான். ஆசிரியரோ நாட்களை உவமை காட்டினார். கழிந்த நாட்கள் முதலற்றன. ஆதலின் அவையும் எண்ணிறந்தன. அவை அத்துணையும் கழிந்தும் வருநாட்கள் ஒன்றேனும் குறைந்தில. எல்லா எண்களினின்றும் ஒற்றை எண்களை முற்ற நீக்கினும் இரட்டை எண்கள் முடிவின்றி நிற்றல் போல்வது இது. வரம்பிலாததினின்று வரம்பிலாதது கழிந்தும் வரம்பிலாதது எஞ்சுதல் கூடும் என்பதற்குக் கணிதர் இன்று காட்டும் எடுத்துக்காட்டும் இத்தகையதே. ஆசிரியர் கணிதம் எழுதப் புக்கிலர். அவர் கருதியது உயிர்களின் கதி. எனினும் வழக்குத் தீர்ந்தது.

காலத்தைப் பற்றி இனி நோக்குவாம். கழிந்தகாலம் முதலற்றதாதல் இயலாது, எண்ணிறந்த நாட்களைக் கடந்து இந்நாளை அடைதல் எங்ஙனம் கூடும் என்று 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்துப் பிலோபோனசும், 11-ஆம் நூற்றாண்டில் இசுலாமியப் பேரறிஞர் கசாலியும் வாதித்தனர். கடத்தல் என்பது ஓரிடத்தே தொடங்கி ஓரிடத்தே முடிதல். முதலற்றது என்னுமிடத்துத் தொடங்குமிடமே இன்மையின், கடந்தது எவ்வாறு என்னும் வினா தனக்கு வேண்டிய தொடக்கத்தைத் தானே மறைவாகக் கொண்டு வந்து வைத்து வினவுகின்றது. கழிந்த எந்த ஒரு நாளை எடுப்பினும் அதற்கும் இன்றைக்கும் இடையே எண்ணத்தக்க நாட்களே உள.

சிவஞானபோதத்து முதற் சூத்திரம் இவ்வாதத்தைக் கைக்கொள்ளாமை கருதத்தக்கது. உலகம் அவன், அவள், அது எனப் பகுக்கப்பட்டுத் தோன்றி நின்று ஒடுங்குதலின், ஒடுக்கிய முதல்வனே தோற்றுவிப்பான் என்பதே மெய்கண்டார் கொண்ட வழி. காலம் நீண்டதோ குறுகியதோ என்பதன்மேல் அது நிற்கவில்லை. நெய்த துணிக்கு நூல் முதற்காரணம், தறி துணைக்காரணம், நெசவாளன் நிமித்தகாரணம். துணி நெய்யத் தொடங்கி எத்துணை நாளாயினும் இம்மூன்றும் வேண்டப்படும். காலமோ நம் நூலின்படி தனிநின்ற முதற்பொருளன்று. அசுத்த மாயையினின்று தோன்றும் வித்தியா தத்துவங்களுள் அஃது ஒன்று; ஒடுங்குங்கால் தன் காரணத்தில் ஒடுங்குவது. அநாதி என்பதற்கு மிகப் பல ஆண்டுகளுக்கு முன் என்று பொருள்கொள்வோர் இதனை மறந்தவராவர்.

சாமளாபுரத்துக்கு அணித்தாகிய திருப்புக்கொளியூர் அவினாசியில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாட, முதலை முன்பு விழுங்கிய மகன், இடையிற் சென்ற ஆண்டுகளின் வளர்ச்சியோடும் மீண்டு வந்தான் என்று பெரியபுராணம் கூறுகின்றது. வெறுமனே உயிர் மீண்டது என்னாது வளர்ச்சியையுஞ் சேர்த்துக் கூறியது நோக்கத்தக்கது. கழிந்த காலமும் இறைவன் ஆணைக்குப் புறம்பாகாது.

அநாதியாகிய கட்டு நீங்குவது எங்ஙனம் என்னும் தடை ஒன்று எஞ்சுகின்றது. முதலில்லாதது முடிவும் இல்லாதது என்பது பலர் உள்ளத்தில் ஆராயாமலே ஊன்றிய எண்ணம். குறையெண்களை வரிசையாக நிறுத்துக: மூன்று குறை, இரண்டு குறை, ஒன்று குறை என்று வந்து அவ்வரிசை முடிந்துவிடுகின்றது, அதன் முதலைத் தேடின் கிடையாது. முதலின்மையும் முடிவின்மையும் ஒன்றையொன்று கட்டுவன அல்ல. செம்பிற் களிம்பு உடன்தோன்றியதாயினும் நீங்கும் என்று நம்மாசிரியர் காட்டுவதற்கு இஃது ஒரு துணை. ஆணவம் பொருளாய் அழியாது, அதன் சத்தி மடங்கும் என்பதே நம் கொள்கையாதலின், முடிவு மறைப்புக்கேயன்றி மலத்துக்கு அன்று என்பதையும் உடன்கொள்க.

உலகத்தின் பரப்பைப் பற்றிச் சுருங்கக் கூறுவாம். விண்மீன்கள் என்றும் உளவாய், எல்லையின்றி எங்கும் ஒப்பப் பரந்தனவாயின், எத்திசை நோக்கினும் ஒரு மீன் எதிர்ப்பட்டு இரவும் பகல்போல் ஒளிரவேண்டும் என்று 1823-இல் ஓல்பர்சு எழுதினார். இரவு இருண்டிருத்தலே ஒரு சான்றாயிற்று. 1929-இல் ஹப்பிள், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ப விரைந்து விலகுவதை அளந்தார். 1965-இல் அறிவிக்கப்பட்ட பின்னணிக் கதிர்வீச்சு, உலகம் ஒருகால் மிக வெம்மையாய்ச் செறிந்திருந்ததைக் காட்டிற்று. அவ்விரிவு தொடங்கி ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகள் என்பது இற்றைக் கணிப்பு. நாம் காணத்தக்க பரப்பு எத்திசையிலும் ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டு. அதற்கு அப்பாலும் உலகம் உளது, அது முடிவுடையதோ அன்றோ என்பதை அளவை முடித்துக் காட்டவில்லை. பௌதிகர் தம் கணக்கில் முடிவின்மை தோன்றின், பெரும்பாலும் அதனைப் பொருளின் இயல்பாகக் கொள்ளாது, தம் விதி அங்கே செல்லாமைக்கு அறிகுறியாகவே கொள்கின்றனர்.

பெருவெடிப்பு நம் சிருட்டியை நிறுவிவிட்டது என்று மேடைகளிற் பேசுவோர்க்கு ஒன்று கூறவேண்டும். இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதம் நம்முடையது. மாயை நித்தம். அவ்விரிவு இன்மையினின்று எழுந்தது என்று கொள்ளின் நமக்கு இழப்பே. முன்னிருந்த ஒரு நிலையினின்று எழுந்தது எனின், அது தோற்றங்களுள் ஒன்றேயாம். நாளை மாறத்தக்க கணிப்பின்மேல் பதியின் உண்மையை ஏற்றிவைத்தல் ஆகாது. மாணிக்கவாசகப் பெருமானார் திருவண்டப்பகுதியில் அண்டங்களை நூற்றொரு கோடிக்கும் மேற்பட்டன என்று கூறி, இறைவன் பெருமைக்கு முன் அவை வீட்டினுட் புகுந்த கதிரில் ஆடும் நுண்டுகள் போலச் சிறியனவாம் என்று வைத்தார். அண்டங்கள் எத்துணை என்பதில் அவர் கருத்து நிலைக்கவில்லை.

காண்டரும் தம் கணக்கின் எல்லையை அறிந்திருந்தார். தாம் எண்ணிய வரம்பிலாத் தொகை ஒவ்வொன்றுக்கும் மேல் ஒன்று உண்டு. மேலொன்று இல்லாத நிறைவு கணக்கில் அகப்படாது, அது கடவுளிடத்தது என்று அவர் எழுதினார். பிரமனும் மாலும் அடிமுடி தேடிய வரலாற்றை நீளத்தின் கதையாகக் கொள்வோர், இன்னும் பல்லாண்டு பறந்திருந்தால் முடி கிடைத்திருக்கும் என்று எண்ணுவர். அளக்கப்படும் பொருளாக நின்று அளவு மிக்கிருந்ததனாலன்று அவர் காணாதது. அளக்கும் அறிவுக்கும் உள்நின்று அறிவிப்பதாகலின் அளவையுட் படவில்லை.

இன்னும் ஒன்று. வருநாட்கள் முடியாவாயின் வீடுபெறாத உயிர்கள் என்றும் இருக்கும். திருவருள் தன் தொழிலை ஒருகாலும் முடியாதோ என்று அன்பர் சிலர் கவல்வர். உமாபதிசிவனார் உவமையையே மீண்டும் நோக்குக. வருநாட்கள் அனைத்தும் கழிந்த ஒரு நாள் இல்லை, உண்மையே. ஆயினும் வருநாட்களுள் எந்த ஒன்றைச் சுட்டினும் அது இன்றைக்கு இத்துணை நாளில் வரும் என்று எண்ணத்தக்க தொலைவிலேயே உளது. வாராதொழியும் நாள் என்று ஒன்றில்லை.