பனியில் நட்ட கழி

மாறுகின்ற ஒன்றை மாறுகிறது என்று அறிவதற்கு மாறாத ஒருவன் வேண்டும் என்பது வேதாந்திகளின் பழைய வாதம். நேற்றுக் கண்டவனும் இன்று அதை நினைவுகூர்பவனும் ஒருவனே அல்லனாயின் நினைவு என்பதே சம்பவிக்காது என்று சொல்லி, சங்கரர் தமது பிரம்மசூத்திர பாஷ்யத்தில் எல்லாம் க்ஷணந்தோறும் அழிகிறது என்னும் க்ஷணிகவாதிகளான பௌத்தர்களை மடக்குகிறார். வாதம் பலமானதுதான்; ஆனால் அது எதுவரைக்கும் செல்லும் என்று ஆராயப் புகுந்தால், கிரந்தங்களைவிடத் தென்துருவத்துப் பனிவெளியில் நட்ட ஒரு கழி நமக்கு அதிகம் உதவும் என்று தோன்றுகிறது.

அங்குள்ள ராஸ் பனித்தட்டு என்பது ஏறக்குறையப் பிரான்ஸ் தேசத்தின் விஸ்தீரணமும் பல நூறு மீட்டர் கனமும் உடையதாய்க் கடல்மீது மிதந்துகொண்டிருக்கும் பனிக்கட்டி. அதன்மேல் பொழிகிற பனியில் ஒரு பகுதியைக் காற்று வாரிக்கொண்டு போகிறது; ஒரு பகுதி நீராகாமலே ஆவியாகிவிடுகிறது; வரவில் இச்செலவுகள் போக எஞ்சுவதே மேற்பரப்பின் நிகர இருப்பு. கணக்கு எளிது, அளப்பதுதான் அரிது. மழைமானியைப் போல ஒரு பாத்திரத்தை வைத்தால், வானிலிருந்து விழுந்த பனி எது, தரையிலிருந்து காற்று கிளப்பி வந்த பனி எது என்று அது பிரித்துச் சொல்லாது. ஆகையால் ஒரு கழியை நட்டு, ஓராண்டு சென்றபின் வெளியே தெரியும் நீளம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அருகே குழி தோண்டிப் பனியின் அடர்த்தியைக் கண்டு, ஏறிய உயரத்தை நீரின் அளவாக மாற்றுகிறார்கள். அந்தக் கழியாவது நிலையாய் நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. அடியிலுள்ள பனி மேற்பாரத்தால் அமுங்க அமுங்கக் கழியும் உடன் இறங்குகிறது. பனித்தட்டோ அதையும் சுமந்துகொண்டு கடலை நோக்கி நகர்கிறது.

தென்துருவப் பகுதியை ஆராயச் சென்ற ஸ்காட்டின் 'டிஸ்கவரி' குழுவினர் 1902-ல் மின்னா ப்ளஃப் என்னும் மலைமுனைக்கு அருகே இப்பனித்தட்டின்மேல் உணவுப் பொருள்களைச் சேமித்து வைத்து அடையாளமும் நட்டுச் சென்றனர். 1909-ல் ஷாக்கிள்டன் குழுவைச் சேர்ந்த சிலர் அவ்விடத்தைத் தேடிக் கண்டபோது, பனி எட்டடிக்குமேல் ஏறியிருந்தது. மலைச் சிகரங்களின் நேர்க்கோட்டை வைத்துப் பார்த்ததில், ஆண்டுக்குச் சுமார் 1,500 அடி வீதம் அந்த இடமே நகர்ந்திருந்ததும் புலப்பட்டது. உண்பதற்கென்று வைத்தது அளப்பதற்குப் பயன்பட்டது!

இங்கே வேதாந்தி எழுந்து, பனி ஏறியதைக் கழியே காட்டினாலும், கழி நகர்ந்ததைக் காட்ட அசையாத மலை வேண்டியிருந்ததல்லவா என்று கேட்பான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மலையும் பூமியின் ஓட்டோடு சேர்ந்து மிக மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அது நித்தியமாய் நிற்க வேண்டிய அவசியமே அங்கு நேரவில்லை. பனித்தட்டைவிட அதிகமாக நின்றால் போதுமானதாயிருந்தது.

பௌத்தனுக்கும் இங்கே ஒரு பிடி கிடைக்கிறது. கழி முழுவதும் புதைந்துபோகுமுன் பக்கத்தில் மற்றொன்றை நட்டு, ஒரே நாளில் இரண்டையும் அளந்து, பழையதன் கணக்கைப் புதியதன்மேல் ஏற்றிவிட்டால், முதற்கழி ஆழத்தில் மறைந்துபோன பின்னரும் கணக்கு அறுபடுவதில்லை. நினைவும் இப்படியே ஒரு க்ஷணத்திலிருந்து மறு க்ஷணத்துக்குக் கைமாறும் சந்தானமாக, அதாவது அறாத தொடராக, ஏன் இருக்கலாகாது என்று அவன் கேட்டால், உடனே பதில் சொல்லிவிட முடியாது. ஆயினும் அவன் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பழைய கழியும் புதிய கழியும் ஒரே வேளையில் சேர்ந்து நின்றாலன்றி அந்தக் கைமாற்றம் நடவாது. முன்க்ஷணம் முற்றும் அழிந்தபின்பே பின்க்ஷணம் தோன்றுகிறது என்று பிடிவாதம் செய்கிறவனுக்கு அந்தச் சேர்க்கை கிடைப்பதில்லை. சங்கரரின் தாக்குதல் மிகக் கூர்மையாகப் பாய்வதும் இந்த இடத்தில்தான்.

ஆகவே நினைவைக் கொண்டு செய்யும் வாதம், அனுபவங்களைவிட நீடித்து நிற்கும் ஓர் அறிவோன் உண்டு என்பதை நிலைநாட்டும். அவன் அழிவற்றவன் என்பதை நிலைநாட்டாது. சங்கரரும் பிரம்மத்துக்குப் பிரமாணமாக அனுமானத்தை நம்பியவரல்லர், வேதமாகிய சுருதியையே நம்பினார். நினைவு ஒன்றையே சாட்சியாக நிறுத்தி ஆத்மாவின் நித்தியத்துவத்தை நிரூபித்துவிட்டதாகப் பிரசங்கம் செய்கிறவர்கள், அந்த வாதத்தால் தர முடியாததை அதனிடம் கேட்கிறார்கள்.